‘உனக்குத்தானே தெரியும்’ என்று சொல்லிக் குழந்தையைக் கொடுத்துவிடுகிறவர்கள்

வந்த கேள்வி சுருக்கமாக இது: “குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பெற்றவுடன் பாசம் பொங்கிவரும் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. இப்போதும் சில நாட்கள் ஒரு கடமை மாதிரிதான் போகிறது. கணவர் நல்லவர்தான், ஆனால் குழந்தை அழுதால் ‘உனக்குத்தானே தெரியும்’ என்று என் கையில் கொடுத்துவிடுகிறார். இதெல்லாம் பெண்களுக்குத் தானாக வருவதுதானா? எனக்கு மட்டும் ஏதாவது குறையா?”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். உங்களிடம் குறை எதுவும் இல்லை. 1980இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் ராப்சன், குமார் என்ற இரண்டு பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என்ன தோன்றியது என்று தாய்மார்களிடம் கேட்டார்கள். முதல் பிரசவக்காரர்களில் 40 சதவீதம் பேர் ‘பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை’ என்கிற மாதிரியான பதிலைச் சொன்னார்கள். ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களிலேயே நான்கில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். வலி கடுமையாக இருந்தவர்களுக்கும், வலிக்கு மருந்து நிறையக் கொடுக்கப்பட்டவர்களுக்கும் இது கூடுதலாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அப்புறம் பாசம் வந்தது, கொஞ்சம் தாமதமாக. இது வெளிவந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் பிரசவ அறைக்குள் போகிற எந்தப் பெண்ணிடமும் யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை, ‘முகத்தைப் பார்த்ததும் வலியெல்லாம் மறந்துபோகும்’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். மறக்காதவள் அதை வெளியே சொல்லவும் முடியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறாள்.

நான் குழந்தை வளர்ச்சி பற்றிப் பாடம் எடுக்கிறவள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. முதல் பிள்ளை பிறந்தபோது எடுத்த பாடம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை என்பதையும் இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

சரி, ‘தானாக வருவதா’ என்பதற்கு வருவோம். உடம்பு ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. கர்ப்பம், பிரசவம், பால் கொடுப்பது இந்த மூன்றும் பெண் உடம்பின் வேலை, அவற்றோடு வரும் ஹார்மோன் மாற்றங்கள் குழந்தைமேல் கவனத்தைத் திருப்ப உதவுகின்றன. ஆனால் இந்த மூன்றைத் தவிர மீதியுள்ள அத்தனையும் (குளிப்பாட்டுவது, ஏப்பம் எடுக்க வைப்பது, நகம் வெட்டுவது, தூங்கவைப்பது, அழுகையைப் பிரித்தறிவது, காய்ச்சலா இல்லையா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது) செய்து செய்து கற்றுக்கொள்வதுதான். இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 1967இல் ஜே ரோசன்பிளாட் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். குட்டியே போடாத பெண் எலிகள், ஆண் எலிகள் எல்லாவற்றின் கூண்டிலும் நாள்தோறும் பச்சைக் குட்டிகளை விட்டுப் பார்த்தார். முதல் சில நாட்கள் அவை கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் குட்டிகளைக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுபோகவும் நக்கிக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டன, ஆண்களும்தான். பெற்ற எலிக்கு ஹார்மோன் உடனே கொடுத்ததை மற்ற எலிகளுக்கு ஒரு வாரப் பழக்கம் கொடுத்தது.

மனிதர் எலி இல்லை என்பீர்கள், நியாயம்தான். 2013இல் பிரான்சிலும் காங்கோவிலும் பெற்றோர்களுக்குப் பல குழந்தைகளின் அழுகையைப் போட்டுக்காட்டி, இதில் உங்கள் குழந்தை எது என்று கேட்டார்கள். அம்மாக்கள் ஏறக்குறைய 90 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அப்பாக்களில், நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் குழந்தையோடு இருப்பவர்களும் அதே 90 சதவீதம். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் 75. ‘தாய்க்குத்தான் தெரியும் பிள்ளை அழுகை’ என்று நாம் சொல்வதெல்லாம் அந்த நான்கு மணி நேரக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற விஷயம்தான். அடுத்த வருடம் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் மூளையையே படமெடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் பெண்ணே இல்லாமல், இரண்டு ஆண்கள் துணையாக இருந்து வளர்க்கிற குடும்பங்களில், முழுப் பொறுப்பும் ஏற்ற அப்பாக்களுக்கு, எந்நேரமும் ஆபத்தை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும் அமிக்டலா என்ற பகுதி அம்மாக்களுக்கு இயங்குகிற அளவுக்கே இயங்கியது. எந்த அப்பாவாக இருந்தாலும், குழந்தையை நேரடியாகப் பார்த்துக்கொண்ட நேரம் கூடக்கூட மூளையின் சில இணைப்புகளும் வலுவாக இருந்தன. பிலிப்பைன்ஸில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: அப்பாவானதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிறது, நாளைக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கிறது. ஆக ஆண் உடம்பும் தயாராகத்தான் இருக்கிறது, வேலையைக் கொடுத்தால்.

உங்கள் கணவர் சொல்கிற ‘உனக்குத்தானே தெரியும்’ பொய்யல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. இன்றைக்கு, நான்காவது மாதத்தில், உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் முதல் நாளன்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது துணி மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் நூற்று நாற்பது தடவை. அதில் நூற்று இருபது ஒருவர் கையிலும் இருபது இன்னொருவர் கையிலும் நடந்தால், பதினைந்தாவது நாள் ஒருவர் இருட்டிலேயே மாற்றுவார், இன்னொருவர் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று விளக்கைப் போட்டுத் தேடுவார். தேடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் தெரிந்தவர் வாங்கிக்கொள்வார். அதனால் தெரிந்தவருக்கு இன்னும் தெரியும், தெரியாதவருக்கு இன்னும் தெரியாது. மூன்று மாதத்தில் இந்த இடைவெளியைப் பார்க்கிற ஒரு உறவினர் ‘பாருங்கள், என்ன இருந்தாலும் தாய் தாய்தான்’ என்பார். நூற்று இருபது தடவையை எண்ணியவர் யாரும் அந்த அறையில் இருக்கமாட்டார்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பத்து மாதம் ஆகும்போது என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, மூன்று வாரம் நான் அங்கே போய்த் தங்கவேண்டி வந்தது. கணவர் விடுப்பு எடுத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டார். முதல் ராத்திரி ஐந்து தடவை போன் செய்தார், தெர்மாமீட்டர் எங்கே, அந்த நீலப் போர்வை எது, எவ்வளவு சூடாக இருக்கலாம் என்று. மூன்றாம் நாள் ஒரே ஒரு போன், அதுவும் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க. பிறகு போன் குறைந்துபோனது. நான் திரும்பி வந்த அன்று இரவு பிள்ளை சிணுங்கியதும் தூக்கினேன், என் தோளில் போட்டு, எட்டு மாதமாக வேலை செய்த அதே தட்டலைத் தட்டினேன். அழுகை கூடியது. அவர் வந்து வாங்கி, வயிறு கீழே இருக்கும்படி முன்கையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, குளியலறை வாசலில் போய் நின்றார். உள்ளே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பிள்ளையின் கை தொங்கிவிட்டது, தூங்கிவிட்டான். இந்த வித்தையை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, இரண்டாம் நாள் ராத்திரி நான்கு மணிக்கு வேறு வழியில்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. வயிறு எரிந்தது. மறுநாள் காலை அவர் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ‘அது வேண்டாம், பித்தான் குத்தும்’ என்று பிடுங்கி வேறொன்று போட்டேன். பித்தான் குத்தாது என்று எனக்கே தெரியும். அம்மாக்கள் இப்படி வாசலில் நின்று அப்பாவை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதை ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே எழுதுகிறார்கள், அதைப் படித்துவிட்டு ‘பார்த்தாயா, பெண்கள்தான் விடுவதில்லை’ என்று மடக்குகிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு என் பதில் இதுதான்: ஒரு மனுஷிக்கு ஒரே ஒரு பரீட்சை வைத்து, அந்த ஒரு பாடத்தில் மட்டும்தான் உனக்கு மார்க் போடுவோம் என்று ஊர் முழுக்கச் சொன்னால், அவள் விடைத்தாளைப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படிக் கொடுப்பாள்?

மார்க் போடுகிற விதமே இரண்டு பேருக்கும் வேறு. அப்பாவுக்குச் சுழியிலிருந்து ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், அம்மாவுக்கு நூறிலிருந்து ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வருகிறார்கள். அவர் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் தெரியாதவர்கள்கூடச் சிரித்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள். நான் நடந்தால் ‘தலையில் குல்லா போடவில்லையே, காற்று அடிக்கிறதே’. ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல், அவர்தான் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். எத்தனை மணிக்கு எவ்வளவு காய்ச்சல், எப்போது மருந்து கொடுத்தோம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துப் போயிருந்தார். அங்கிருந்த செவிலியர் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘சார், அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுங்களேன், கொஞ்சம் விவரம் கேட்கணும்’ என்றாராம். போனில் அவர் கேட்டதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. நான் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ‘அவரிடமே கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்’ என்றேன். மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனம் எனக்கு விழுந்த மைனஸ் மார்க்.

நம் வார்த்தைகளையே கவனித்துப் பாருங்கள். ‘வீட்டுக்காரர் குழந்தை விஷயத்தில் உதவி செய்கிறாரா?’ உதவி என்றால் அடுத்தவர் வேலையில் கை கொடுப்பது. தன் வேலையைத் தான் செய்கிறவரை யாரும் உதவுகிறார் என்று சொல்வதில்லை. தாய்மை என்ற சொல் எந்தப் பேச்சிலும் வந்து விழுகிறது, தந்தைமை என்று எழுதினால் வாசிப்பவர் ஒரு கணம் நின்று படிக்கிறார். அக்கறையாகப் பிள்ளை வளர்க்கிற ஆணைப் பாராட்ட நினைத்தால் ‘தாயுமானவன்’ என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் உள்ளே ஒரு முள் இருக்கிறது: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அப்பாவாகவே இருந்துகொண்டு முடியாது, தாயாக மாறினால்தான் முடியும்.

இந்தக் கழித்தல் கணக்கு சில சமயம் கொடூரமாகவே போயிருக்கிறது. ஆட்டிசத்தை 1943இல் முதலில் விரிவாக எழுதியவர் லியோ கன்னர். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகள், பெற்றோரின், முக்கியமாக அம்மாவின், ஒட்டாத குளிர்ந்த மனம்தான் காரணம் என்ற கருத்து மருத்துவ உலகத்திலேயே ஓடியது. ‘குளிர்பெட்டி அம்மா’ என்றே பெயர். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஊரறியப் பரப்பினார். ஒரு தலைமுறை அம்மாக்கள், பேசாத பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் போதுமான அளவு கொஞ்சவில்லை போலிருக்கிறது என்று நம்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பாவான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964லேயே இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று வாதாடினார். இன்றைக்கு அந்தப் பழைய கருத்தை மருத்துவ உலகம் ஏற்பதில்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பேச்சு தாமதம் என்றால் முதல் கேள்வி இன்னும் ‘அம்மா வேலைக்குப் போகிறாளா?’ என்றுதான் வருகிறது.

பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியையும் இங்கே சொல்லவேண்டும், பாவம் அவரும் சொல்லாததையெல்லாம் சொன்னதாக ஆகிவிட்டது. போருக்குப் பிறகு குடும்பமில்லாமல் விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். குழந்தைக்கு நெருக்கமான, விட்டுப்போகாத ஓர் உறவு வேண்டும் என்பது அதன் சாரம், அது அம்மாவாகவோ நிரந்தரமாக அந்த இடத்தில் இருக்கும் ஒருவராகவோ இருக்கலாம் என்றும் சேர்த்தே எழுதினார். உலகத்தின் காதில் விழுந்தது ‘அம்மா வீட்டைவிட்டு நகரக்கூடாது’ என்பது மட்டும். 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஷாஃபரும் எமர்சனும் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒன்றரை வயதுக்குள் மிகப் பெரும்பாலான குழந்தைகள் ஒருவரோடு நிற்காமல் இரண்டு, மூன்று பேரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா, பாட்டி, தாத்தா, அண்ணன், யார் கூப்பிட்டால் திரும்பிப் பேசுகிறார்களோ அவர்கள். பாசம் ஒரு பானைத் தண்ணீர் இல்லை, ஒருவருக்கு ஊற்றினால் இன்னொருவருக்குக் குறைவதற்கு. (இதை அந்த விசிறிச் சத்த ராத்திரியில் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.)

இன்னும் பின்னால் போனால் தனியாக ஓர் அம்மா, பூட்டிய வீட்டுக்குள், நாள் முழுக்க ஒரு கைக்குழந்தையோடு, என்பதே மனித வரலாற்றில் புதுசு. சாரா ஹர்டி என்ற மானுடவியலாளர் இதைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறார்: மனிதக் குழந்தையை வளர்த்து ஆளாக்குவது அவ்வளவு செலவு பிடிக்கிற வேலை, பல கைகள் சேராமல் நம் இனம் இந்த அளவுக்குப் பிழைத்திருக்கவே முடியாது என்பது அவர் வாதம். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஆக்கா மக்களிடையே பாரி ஹியூலெட் கணக்கெடுத்தபோது, அப்பாக்கள் நாளில் ஏறக்குறைய பாதி நேரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டோ கைக்கெட்டும் தூரத்திலோ இருந்தார்கள். ‘ஆதிகாலத்திலிருந்தே ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகையில் பிள்ளை வளர்த்தாள்’ என்று யாராவது ஆரம்பித்தால் இந்த ஒரு தகவலை மட்டும் நீட்டிப் பாருங்கள்.

அப்புறம், கையால் செய்கிற வேலையைவிடக் கனமான ஒன்று இருக்கிறது, தலைக்குள் ஓடுகிற வேலை. ஆலிசன் டாமிஞ்சர் என்ற சமூகவியலாளர் 2019இல் இதைத் தம்பதிகளோடு பேசிப் பிரித்துக் காட்டினார். என்ன தேவைப்படப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடந்ததா என்று கண்காணிப்பது என்று நான்கு படிகள். முடிவெடுப்பதில் இரண்டு பேரும் சேர்ந்துகொள்கிறார்கள், முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண் தலையில். தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுகிற அன்று கூட்டிக்கொண்டு போவது ஒரு மணி நேர வேலை, அதை அவர் சந்தோஷமாகச் செய்வார், செய்ததாக ஞாபகமும் வைத்திருப்பார். அடுத்த ஊசி எந்த வாரம், அட்டை எந்தப் பையில், அன்றைக்குச் சளி இருந்தால் தள்ளிப்போடவேண்டுமா, சாயங்காலம் காய்ச்சல் வந்தால் மருந்து வீட்டில் இருக்கிறதா, அப்படியானால் மறுநாள் யார் வேலைக்குப் போகாமல் இருப்பது, இதெல்லாம் மூன்று வாரமாக உங்கள் தலையில் ஓடிக்கொண்டிருக்கும், யார் கண்ணிலும் படாது. ‘சொல்லியிருந்தால் செய்திருப்பேனே’ என்கிற அந்த நல்ல மனசுக்காரரிடம் கோபப்படவும் முடியாது. ஆனால் சொல்வதே ஒரு வேலை என்பது அவருக்குப் புரியாது, ஏனென்றால் அவர் அதைச் செய்ததில்லை.

பணத்தில் இது எங்கே போய் முடிகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்மார்க்கில் ஹென்ரிக் கிளெவன் குழுவினர் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் குழந்தைக்குப் பிறகு பெண்ணின் வருமானம் ஆணோடு ஒப்பிடும்போது நீண்டகாலத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் பின்தங்கிப்போகிறது. அப்பாவின் வருமானக் கோடு அசைவதே இல்லை. அதே குழுவினர் பிறகு தத்தெடுத்த குடும்பங்களையும் பார்த்தார்கள். அங்கே கர்ப்பம் இல்லை, பிரசவம் இல்லை, பால் கொடுப்பது இல்லை, ஆனாலும் அம்மாவின் வருமானம் அதே மாதிரிதான் விழுந்தது. ‘இயற்கை’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதிலை நான் பார்த்ததில்லை. வேலை கொடுப்பவர்கள் பக்கமும் சும்மா இல்லை: 2007இல் அமெரிக்காவில் ஷெல்லி கொரல் குழுவினர் தகுதி எல்லாம் சமமாக இருக்கும் விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பியபோது, குழந்தை இருப்பது தெரிந்த பெண்களைவிட, இல்லாத பெண்களுக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அழைப்பு வந்தது. அப்பா என்று தெரிந்ததால் ஆண்களுக்கு எந்த இழப்பும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கையில், சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் உலகம் முழுக்க 76.2 சதவீத நேரம் பெண்களுடையது. நாளைக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம், ஆண்களுக்கு 1 மணி 23 நிமிடம். அந்த நான்கு மணி நேரக் கோடு மறுபடியும் வருகிறது பாருங்கள். இரண்டும் வேறு வேறு கணக்குதான், இருந்தாலும் எனக்கு அது கண்ணில் படாமல் போவதில்லை.

இதெல்லாம் மாறக்கூடியதுதானா என்றால், சட்டங்கள் நல்ல பாடம் சொல்கின்றன. 1974இல் ஸ்வீடன் பிரசவ விடுப்பை நீக்கிவிட்டு, அம்மா அப்பா யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற பெற்றோர் விடுப்பைக் கொண்டுவந்தது, உலகிலேயே முதல் நாடு. என்ன நடந்தது? கிட்டத்தட்ட எல்லா நாட்களையும் அம்மாக்களே எடுத்தார்கள். ‘யார் வேண்டுமானாலும்’ என்றால் நடைமுறையில் ‘நீயே எடுத்துக்கொள்’ என்றுதான் அர்த்தம். 1993இல் நார்வே வேறு மாதிரி செய்தது: நான்கு வாரம் அப்பாவுக்கு மட்டும், அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே கிடைக்காமல் போய்விடும், அம்மாவுக்கு மாற்ற முடியாது. அதுவரை நூறு அப்பாக்களில் மூன்று நான்கு பேர் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் சில வருடங்களிலேயே எழுபதைத் தாண்டியது. ஸ்வீடனும் 1995இல் ஒரு மாதத்தை அப்படி ஒதுக்கியது, ஐஸ்லாந்து 2000இல் ஆளுக்கு மூன்று மாதம், பொதுவில் மூன்று மாதம் என்று பிரித்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2006இல் அப்பாவுக்கு ஐந்து வாரம் ஒதுக்கியபோது, சில ஆண்டுகள் கழித்தும் அந்த வீடுகளில் அப்பாக்கள் வீட்டு வேலையில் கூடுதல் நேரம் செலவிட்டது தெரிந்தது. மறுபக்கம் ஜப்பானில் அப்பாக்களுக்குத் தாராளமான விடுப்பு சட்டத்தில் இருந்தும் 2012இல் நூற்றுக்கு இரண்டு பேர்கூட எடுக்கவில்லை, மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயம். அங்கேயும் 2023இல் அது 30 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

ஆண்களுக்கு இதில் சுகம் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. ‘சம்பாதித்துப் போடு, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்’ என்பதும் ஒரு கட்டளைதான், அதில் பிள்ளையின் முதல் வருடம் முழுவதும் தொலைந்துபோகிறது. பிரசவத்தையொட்டிய மனச்சோர்வு அப்பாக்களிலும் பத்தில் ஒருவருக்கு வருவதாக 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை. இந்தப் பிரிவினை எப்போது ஆரம்பிக்கிறது என்றால் தொட்டிலிலேயே. 1976இல் காண்ட்ரி தம்பதியினர் ஒரே ஒன்பது மாதக் குழந்தை அழுகிற ஒரே படத்தை எல்லோருக்கும் காட்டினார்கள். பையன் என்று சொல்லிக் காட்டினால் ‘கோபப்படுகிறான்’ என்றார்கள், பெண் என்று சொல்லிக் காட்டினால் ‘பயப்படுகிறாள்’ என்றார்கள். பயப்படுகிறவளை வாரி அணைப்போம், கோபப்படுகிறவனைக் கொஞ்சம் விட்டுப்பிடிப்போம். முப்பது வருடம் கழித்து அவன் அழுகிற குழந்தையின் முன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது ‘ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது’ என்போம்.

இப்போது உங்களுக்கு மட்டும் இரண்டு விஷயம்.

ஒன்று, ‘கடமை மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் பதற்றமும் பொதுவாக இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் மனம் கனமாகவே இருக்கிறதா, குழந்தை தூங்கினாலும் உங்களால் தூங்க முடியவில்லையா, எதிலும் ருசி இல்லையா, எனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று நினைப்பு வருகிறதா? ஆம் என்றால் இந்தப் பதிலைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இன்றைக்கே. பிரசவமான பெண்களில் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எடின்பரோவில் 1987இல் உருவாக்கிய பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மருத்துவரிடம் கேட்டால் கொடுப்பார். இது சிகிச்சையில் சரியாகிற நோய். நல்ல அம்மாவா இல்லையா என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படி எதுவும் இல்லை, வெறும் அலுப்பும் எரிச்சலும்தான் என்றால், டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1949லேயே ஓர் அம்மாவுக்குத் தன் கைக்குழந்தைமேல் வெறுப்பு வரப் பதினெட்டுக் காரணங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார், தெரிந்துகொள்ளுங்கள். திட்டுவதற்காக எழுதவில்லை, இயல்பு என்று சொல்லத்தான் எழுதினார். குழந்தைக்குக் குறையே இல்லாத அம்மா வேண்டாம், ‘போதுமான அளவு நல்ல’ அம்மா போதும் என்று சொன்னவரும் அவர்தான்.

இரண்டாவது, உங்கள் கணவர். அவரோடு உட்கார்ந்து பட்டியல் போட்டு வேலையைப் பிரிக்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், பட்டியலைப் போட்டு, அதைக் கண்காணிக்கிற வேலையும் உங்களுக்கே வந்து சேரும். அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போங்கள். பக்கத்து அறைக்குப் போனால் கணக்கில்லை, அழுகைச் சத்தம் கேட்டால் உங்கள் கால் தானாக நடக்கும். உங்கள் அம்மாவையோ அவர் அம்மாவையோ துணைக்கு வைத்துவிட்டுப் போனாலும் கணக்கில்லை, குழந்தை அவர்கள் கைக்குப் போய்விடும். பால் எடுத்து வைத்துவிட்டு, குறிப்பு எதுவும் எழுதி வைக்காமல் போங்கள். முதல் தடவை திரும்பி வரும்போது வீடு கலைந்து கிடக்கும், சட்டை முன்பின் மாறியிருக்கும், இரண்டு பேரும் அழுது களைத்திருப்பார்கள். சட்டையைத் திருப்பிப் போடாதீர்கள், என்னை மாதிரி. நடுவில் போன் வந்தால் எடுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே கிளம்பி வாருங்கள். துடைக்கிற துணி எங்கே என்று கேட்டால் ‘தெரியவில்லையே, தேடிப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள், இரண்டாவது அலமாரியில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும்.